சீரீஸ் 7-இல் 68 எடுத்துத் தவறவிட்டவருக்கு, அடுத்த 30 நாட்களுக்காக

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட வரை இப்படி. அமெரிக்காவில் ஒரு புரோக்கரேஜ் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். பங்கு, பத்திரத் தொழிலுக்கான அடிப்படைத் தேர்வான எஸ்ஐஇ-யை முதல் தடவையிலேயே முடித்துவிட்டீர்கள். அதன் பிறகு, வாடிக்கையாளருக்கு முதலீடுகளை விற்க எழுத வேண்டிய சீரீஸ் 7-இல் 68 வந்து, நான்கு மதிப்பெண்ணில் கைநழுவிப் போய்விட்டது. பயிற்சிக் கேள்விகளில் 82, 85 என்று வாங்கிக்கொண்டிருந்ததால் அதிர்ச்சி இன்னும் அதிகம். மறுபடி எழுத 30 நாள் காத்திருக்க வேண்டும், அதிலும் போனால் வேலை போய்விடுமோ என்று பயம், ராத்திரி தூக்கம் இல்லை. ‘வேறு புத்தகம் வாங்கட்டுமா, தினமும் எத்தனை மணி நேரம் படிக்கட்டும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த வரிகளுக்கு அடியில் இருக்கும் கேள்வி வேறு: இவ்வளவு படித்தும் வரவில்லையே, இது என்னால் முடியுமா? முடியும். 68 எடுத்தவருக்குப் பாடம் தெரியும். தெரிந்த பாடம் எங்கே ஒழுகிப் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த 30 நாளின் வேலை.

நான் இந்தத் துறைக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. அதில் ஒன்பது வருடமாகப் புதிதாகச் சேர்பவர்களை இந்தத் தேர்வுக்குத் தயார் செய்கிறேன். நான் எழுதியது பழைய சீரீஸ் 7. அப்போது 250 கேள்வி, ஆறு மணி நேரம். 2018 அக்டோபரில் அடிப்படைப் பாடங்களை எஸ்ஐஇ என்று தனியாகப் பிரித்த பிறகுதான் இப்போதைய சின்ன வடிவம் வந்தது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்லமாட்டோம் என்று எழுதுகிற எல்லோரும் ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். அதனால் கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் நானே அமைத்தவை. ‘நிஜத் தாளில் வந்த கேள்விகள்’ என்று யாராவது விற்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மாட்டினால் தேர்வு மட்டுமில்லை, தொழிலே போகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம், அதுவே கொஞ்சம் தைரியம் தரும். மதிப்பெண் உள்ள கேள்விகள் 125, நேரம் மூன்றே முக்கால் மணி, பாஸ் மதிப்பெண் 72. 125-இல் 72 சதவீதம் என்றால் 90 கேள்வி. 68 என்றால் 85. அதாவது நீங்கள் தவறவிட்டது சுமார் ஐந்து கேள்வி. தாளுக்குத் தாள் கடினம் மாறுவதை, தேர்வை நடத்தும் ஒழுங்குமுறை அமைப்பான ஃபின்ரா சமன்செய்து மதிப்பெண் போடுவதால் இது தோராயக் கணக்குதான், ஆனால் அளவு புரியும். அந்த 125 எப்படிப் பிரிகிறது என்பதும் முக்கியம். வாடிக்கையாளரைத் தேடுவது பற்றி 9, கணக்கு தொடங்குவது பற்றி 11, ஆர்டர்களை நிறைவேற்றுவது பற்றி 14. மீதி 91-ம் ஒரே பகுதி: முதலீடுகளை விளக்குவது, யாருக்கு எது பொருந்தும் என்று பரிந்துரைப்பது, பதிவேடுகள் வைப்பது. தவறியவர்களுக்குப் பகுதிவாரியாக ஒரு அறிக்கை கொடுப்பார்கள். அதை வெட்கத்தில் மூடி வைக்காமல் எடுத்து முன்னால் வையுங்கள். அந்த 91-இல் நீங்கள் பலவீனம் என்றால், மற்ற மூன்றையும் எவ்வளவு தேய்த்துப் படித்தாலும் பெரிய பயன் இருக்காது.

சரி, பயிற்சியில் 85, தேர்வில் 68, ஏன்? இந்த இடைவெளியை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒரே கேள்வி வங்கியை இரண்டு மூன்று சுற்று போட்டிருப்பார்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு பையன் என்னிடம் வந்தான், உங்களைப் போலவே எண்பத்துச் சொச்சம் வாங்கிவிட்டுத் தவறியவன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் நான்கு விடைகளையும் ஒரு தாளால் மறைத்தேன். கேள்வியின் முதல் வரியைப் படித்தவுடனே ‘மூன்றாவது விடை’ என்றான். விடையே கண்ணில் படவில்லை, ஆனால் இடம் தெரிகிறது. அப்புறம் அதே கேள்வியில் ‘வாங்குகிறார்’ என்பதை ‘விற்கிறார்’ என்று மாற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதே விடையைச் சொன்னான். ஒரு நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு அவனே சிரித்துவிட்டான். அவன் படித்திருந்தது பாடத்தை இல்லை, அந்தக் கேள்வி வங்கியை. மூன்று வாரத்தில் முறையை மாற்றிக்கொண்டு அடுத்த தடவை பாஸ் செய்தான்.

அதனால் புத்தகம் மாற்றுவது பற்றி என் பதில்: புத்தகம் வேண்டாம், கேள்விகளை மாற்றுங்கள். பாடநூல் எந்த நல்ல நிறுவனத்துடையதாக இருந்தாலும் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் எல்லோரும் ஃபின்ரா வெளியிடும் பாடத்திட்டத்தை வைத்துத்தான் எழுதுகிறார்கள். நீங்கள் இதுவரை பார்க்காத கேள்விகள்தான் உங்கள் உண்மை நிலையைச் சொல்லும். இன்னொரு பயிற்சி நிறுவனத்தின் கேள்வி வங்கியை மட்டும் ஒரு மாதத்துக்கு வாங்க முடிந்தால் அந்தச் செலவு தகும்.

மறுபடி மறுபடி வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நல்லது என்பதற்கு ஆதாரம் உண்டு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்ப வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் கேட்டபோது, வாசித்த கையோடு தங்களையே சோதித்துப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். திரும்ப வாசிக்கும்போது ‘ஆமாம், இது தெரியும்’ என்ற நிம்மதி வரும். அந்த நிம்மதியை நம்பக் கூடாது. அவர்கள் சோதித்தது சின்ன உரைநடைப் பத்திகளை. மார்ஜின் (கடனில் பங்கு வாங்குவது) கணக்குக்கும் அது அப்படியே பொருந்தும் என்று அந்த ஒரு ஆய்வை மட்டும் வைத்து நான் சொல்லமாட்டேன். ஆனால் என் வகுப்பில் கண்டது அதே திசையில்தான் இருக்கிறது.

இப்போது ஒரு நோட்டு வாங்குங்கள். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி. சரியான விடை என்ன என்று எழுத வேண்டாம், நீங்கள் ஏன் அந்தத் தவறான விடையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். ‘விதியே தெரியாது’ என்பது ஒரு வகை. ‘விதி தெரியும், ஆனால் வாங்குபவரா விற்பவரா என்று குழம்பிவிட்டேன்’ என்பது இன்னொரு வகை. ‘எக்செப்ட் (தவிர) என்ற சொல்லைப் பார்க்கவே இல்லை’ என்பது மூன்றாவது. பத்து நாளில் உங்கள் பழக்கம் அந்த நோட்டில் தெரிந்துவிடும். முதல் வகைக்குத்தான் புத்தகம் மருந்து. மற்ற இரண்டுக்கும் புத்தகத்தை எத்தனை தடவை வாசித்தாலும் குணமாகாது.

மூன்றாவது வகை எவ்வளவு நுணுக்கமாக வரும் என்பதற்கு ஒரு உதாரணம். ‘வருமான வரியின் உச்ச வரம்பில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர், தன் ஐஆர்ஏ (ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கில் பாதுகாப்பான வட்டி வருமானம் வேண்டும் என்கிறார். எது மிகப் பொருத்தம்?’ உச்ச வரம்பு என்றதும் விரல் தானாக முனிசிபல் பாண்டுக்கு (மாநில, நகர அரசுகளின் கடன் பத்திரம்) போய்விடும், ஏனென்றால் அதன் வட்டிக்குக் கூட்டரசு வரி இல்லை என்று மனப்பாடமாகத் தெரியும். ஆனால் கணக்கு ஐஆர்ஏ. அதற்குள் வரும் வட்டிக்கு எப்படியும் அந்த வருடம் வரி கிடையாது; பின்னால் மரபான ஐஆர்ஏவிலிருந்து எடுக்கும்போது சாதாரண வருமானமாக வரி விழும். குறைந்த வட்டி தரும் முனிசிபல் பாண்டை அங்கே வைத்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம்தான். அரசுப் பத்திரமோ தரமான நிறுவனப் பத்திரமோதான் விடை. இதே வாடிக்கையாளர் சாதாரணக் கணக்கில் கேட்டால் கதை மாறும்: உச்ச வரம்புக்குக் கீழே 24 சதவீத வரி கட்டுபவருக்கே கூட 3 சதவீத முனிசிபல் பாண்ட் என்பது, 3-ஐ 0.76-ஆல் வகுத்தால், வரிக்குட்பட்ட பத்திரத்தில் சுமார் 3.95 சதவீதத்துக்குச் சமம். ‘ஐஆர்ஏ’ என்ற ஒரே சொல்லில் விடை தலைகீழாகிறது. அந்த 91 கேள்விகளில் கணிசமானவை இப்படித்தான் இருக்கும். அதனால் என் மாணவர்களுக்குச் சொல்வது: முதலில் கடைசி வரியைப் படியுங்கள், எதைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள், பிறகு மேலே வந்து வயது, கணக்கின் வகை, எப்போது பணம் வேண்டும் என்ற மூன்றையும் தேர்வில் எழுதக் கொடுக்கும் பலகையில் குறித்துவிட்டு விடைகளைப் பாருங்கள்.

ஆப்ஷன் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். குறிப்பிட்ட விலைக்குப் பங்கை வாங்கும் உரிமை கால், விற்கும் உரிமை புட். சூத்திரங்களை மனப்பாடம் செய்தவர்கள்தான் அதில் அதிகம் தடுமாறுகிறார்கள். பணம் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள். ஒருவர் 50 டாலர் கால் ஒன்றைப் பங்குக்கு 3 டாலர் கொடுத்து வாங்கி, 55 டாலர் கால் ஒன்றை 1-க்கு விற்கிறார். கையிலிருந்து போனது 3, வந்தது 1, நிகரமாகப் போனது 2. ஒரு ஒப்பந்தம் 100 பங்கு, ஆக 200 டாலர். பங்கு 50-க்குக் கீழே கிடந்தால் இரண்டு காலும் செல்லாக்காசு, போன 200 போனதுதான்; அதற்கு மேல் நஷ்டம் வர வழியில்லை. பங்கு 55-ஐத் தாண்டினால் 50-க்கு வாங்கி 55-க்குக் கொடுக்கலாம், 5 கிடைக்கும், போட்ட 2 போக மிச்சம் 3, ஆக அதிகபட்ச லாபம் 300. 50-க்கு மேல் இன்னும் 2 ஏறினால் போட்டது திரும்பிவிடும், ஆக 52-இல் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. இப்போது அதையே திருப்பிப் போடுங்கள்: 50 கால் விற்று, 55 கால் வாங்குபவர். 200 கையில் வரும், அதுவே அவருடைய அதிகபட்ச லாபம், அதிகபட்ச நஷ்டம் 300, சமப்புள்ளி அதே 52. ஒருவரின் லாபம்தான் எதிரே இருப்பவரின் நஷ்டம். இது கையில் வந்துவிட்டால் புட்டை வைத்தும் இதே மாதிரி நீங்களே செய்து பாருங்கள், நான்கு நாளில் பயம் போய்விடும்.

நாம் தமிழில் யோசிப்பவர்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆப்ஷனில் ‘ரைட்டர்’ என்றால் விற்றவர். ‘ஷார்ட்’ என்றாலும் அவர்தான். ‘செல்லர்’ என்றாலும் அவரேதான். மூன்று பெயரில் ஒரே ஆள் வரும்போது, மொழிபெயர்த்து யோசிக்கும் மனசுக்கு ஒரு நொடி கூடுதலாக ஆகும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, கருத்தை வீட்டில் யாருக்காவது தமிழில் சத்தமாக விளக்குவது. ‘குறிப்பிட்ட விலைக்கு வாங்கும் உரிமைக்கு இப்போது பணம் கொடுக்கிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், பணம் வாங்கினவருக்கு அந்தச் சலுகை இல்லை, நான் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்’ என்று தட்டாமல் சொல்ல முடிந்தால் உங்களுக்குக் கால் ஆப்ஷன் புரிந்துவிட்டது. தமிழில் திக்கினால் ஆங்கிலத்தில் தெரிந்தது வெறும் சொல்தான் என்று அர்த்தம். பாண்டுக்கும் இப்படியே: 6 சதவீதக் கூப்பன் பாண்ட் 1000-க்குப் பதில் 900-க்குக் கிடைத்தால், வருடம் வரும் 60 டாலர் 900-க்கு 6.67 சதவீதம், முதிர்வில் 100 டாலர் கூடுதலாகவும் வருமென்பதால் முதிர்வு வரையிலான ஈல்டு (போட்ட பணத்துக்கு வரும் வருமான விகிதம்) இன்னும் அதிகம். விலை இறங்கினால் ஈல்டு ஏறும் என்பதை ஏன் என்று சொல்லத் தெரிந்தால் எந்த ஈல்டு பெரிது என்ற வரிசையை மறக்கவே மாட்டீர்கள்.

பழைய குறிப்புகள் பற்றி ஒரு எச்சரிக்கை. பங்கு வர்த்தகம் முடிந்து கணக்குத் தீரும் நாள், 2024 மே 28 முதல் அடுத்த வேலை நாளுக்கு வந்துவிட்டது. அதற்கு முன் இரண்டு நாள். பரிந்துரைகளில் வாடிக்கையாளர் நலனே முக்கியம் என்னும் ரெகுலேஷன் பெஸ்ட் இன்ட்ரஸ்ட் விதி 2020 ஜூன் 30 முதல் நடைமுறை. நண்பர் கொடுத்த புத்தகத்தில் இரண்டு நாள் என்று இருந்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள்.

நேரம் எவ்வளவு? வேலை நாளில் இரண்டரை மணி, விடுமுறையில் ஐந்து, இதற்கு மேல் படித்து நல்லது நடந்து நான் பார்த்ததில்லை. இது என் அனுபவம்தான், விதி இல்லை. முதல் இரண்டு நாள் எதையும் தொடாதீர்கள். அதன் பிறகு இரண்டு வாரம், ஒரு நாளைக்கு ஐம்பது புதிய கேள்வி, பாடங்களைக் கலந்து. ஐம்பது போட ஒன்றரை மணி, தவறுகளை நோட்டில் எழுத ஒரு மணி. கடைசிப் பத்து நாளில் இரண்டு முழு மாதிரித் தேர்வு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, மூன்றே முக்கால் மணியும் ஒரே மூச்சில். நூறாவது கேள்விக்கு மேல்தான் பலருக்குக் கவனம் சிதறும். அந்தக் களைப்பை வீட்டிலேயே ஒரு தடவை சந்தித்துவிட வேண்டும். முன்பு பார்க்காத மாதிரித் தேர்வு இரண்டில் 78-க்கு மேல் வந்தால் நான் தைரியமாக அனுப்புவேன். முந்தைய நாள் அரை நாளோடு நிறுத்திவிடுங்கள்.

தேர்வு மையத்தில் எழுதிப் பார்க்கப் பலகையும் கால்குலேட்டரும் அவர்களே கொடுப்பார்கள். நேரம் ஓடத் தொடங்கியதும் முதல் மூன்று நிமிடத்தில் ஆப்ஷன் கட்டம், பாண்ட் ஈல்டு வரிசை, மார்ஜினுக்கான 50, 25, 30 என்ற சதவீதங்களை நினைவிலிருந்து எழுதி வைத்துவிடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள். குழப்பமானதைக் குறியிட்டுவிட்டுத் தாண்டுங்கள், பிறகு திரும்பலாம். மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகளும் நடுவில் கலந்திருக்கும், எவை என்று யாருக்கும் தெரியாது. அதனால் கேள்விப்படாத ஏதோ ஒன்று வந்தால் ‘போச்சு’ என்று முடிவு கட்ட வேண்டாம். குறியிட்ட கேள்விக்குத் திரும்பும்போது, புதிதாக ஒரு காரணம் கண்ணில் பட்டால் மட்டும் விடையை மாற்றுங்கள். பதற்றத்தில் மாற்றாதீர்கள்.

தூக்கத்தைக் கடைசியில் எழுதினாலும் நான் அதிகம் கவலைப்பட்டது அதைப் படித்தபோதுதான். ராத்திரி இரண்டு மணி வரை படித்ததாகச் சொல்கிறீர்கள். பகலில் படித்தது நினைவில் படிய தூக்கம் வேண்டும், இதில் சந்தேகமே இல்லை. பதினொரு மணிக்குப் படுக்கப் போங்கள். வராவிட்டாலும் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். மதியத்துக்கு மேல் காபியைக் குறையுங்கள். இரண்டு வாரமாகியும் தூக்கம் திரும்பாவிட்டாலோ, நெஞ்சுப் படபடப்பு பகலிலும் தொடர்ந்தாலோ, அது என் எல்லைக்கு வெளியே. டாக்டரைப் பாருங்கள், தேர்வுக்குப் பிறகு என்று தள்ளாதீர்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் 988 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

வேலை போகுமா என்பதை உங்கள் நிறுவனத்தின் கொள்கைதான் தீர்மானிக்கும். சில இடங்களில் இரண்டு வாய்ப்பு, சில இடங்களில் மூன்று. ஊகித்துக்கொண்டு தூக்கத்தைத் தொலைப்பதைவிட மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள்: ‘அடுத்த தேதியை எப்போது பதிவு செய்யலாம், இந்த முறையும் வராவிட்டால் நடைமுறை என்ன?’ இப்படிக் கேட்பவரை நான் பொறுப்பானவராகத்தான் பார்த்திருக்கிறேன். ஃபின்ராவின் விதி மட்டும் உறுதி: முதல் இரண்டு தோல்விக்குப் பிறகு 30 நாள், மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 180 நாள். பொதுமக்கள் பார்க்கும் புரோக்கர்செக் பக்கத்தில் பாஸ் செய்த தேர்வுகள்தான் இருக்கும், தவறியது வராது. எஸ்ஐஇ நான்கு வருடம் செல்லும், நிறுவனம் மாறினாலும் அது உங்களுடையது. உங்கள் விசா இந்த வேலையோடு பிணைந்திருந்தால் அதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லத் தகுதியானவன் இல்லை.

முதல் ஐம்பது தவறுகளை நோட்டில் எழுதியதும், மூன்று வகையில் எது அதிகம் என்று எண்ணி இங்கே போடுங்கள். ‘விதி தெரியாது’ என்பது பாதிக்கு மேல் இருந்தால், மேலே சொன்ன இரண்டு வாரத்தை நான் வேறு மாதிரிப் பிரித்துத் தருகிறேன்.